உபகாரச் சம்பளத்தின் ஏழாம் விதி

எர்ணாகுளத்து அறக்கட்டளையிலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதத்தை மகள் கண்ணில் படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, சிகாபுதீன் மட்டாஞ்சேரி தபாலாபீசுக்கு நடந்தார். அங்கே வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கும் வெங்கிட்டு அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாய், உங்க பொண்ணு டெர்ம் பரீட்சையில கெமிஸ்ட்ரி எழுதவே போகலை. எல்லாப் பாடமும் பாஸாகணும், முக்கால்வாசி நாள் வகுப்புக்குப் போயிருக்கணும். இல்லேன்னா ஸ்காலர்ஷிப்பை நிறுத்திடுவா. பதினஞ்சு நாளைக்குள்ள காரணம் சொல்லணுமாம்."

நசீபா பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம். தாயில்லாத பெண். கொச்சங்காடி மிளகுக் கிடங்கில் சாக்குத் தைக்கும் சிகாபுதீனின் கூலியில் வாடகை போகும், சோறு ஆகும், காலேஜ் ஆகாது.

பரீட்சை எப்படி என்று அன்று கேட்டதற்கு, "நல்லா எழுதினேன் அத்தா" என்று சொன்னவள் அவள். எங்கே போயிருப்பாள்? சினிமாவுக்கா? யாருடனாவதா? அதற்கு மேல் நினைக்க அவருக்குப் பயமாக இருந்தது. அவளிடம் கேட்பதற்கு அதைவிடப் பயமாக இருந்தது.

"காய்ச்சல்னு எழுதுங்க சாமி."

தெரிந்த டாக்டர் ஒருவர் இரக்கப்பட்டு, டைஃபாய்டு, மூன்று வாரம் ஓய்வு என்று தாராளமாகவே சர்டிபிகேட் கொடுத்தார். ஒரு வாரத்தில் பதில் வந்தது.

"மூணு வாரம் படுத்திருந்தவ மறுநாளே வகுப்புல இருந்திருக்கான்னு ரெஜிஸ்டர் சொல்றதாம்," என்றார் வெங்கிட்டு. "சர்டிபிகேட் நிஜம்னா அந்த நாளையெல்லாம் அடிச்சிடுவா. ஹாஜரும் முக்காலுக்குக் கீழே போயிடும்."

"முன்ன ஒரு குத்தம். இப்ப ரெண்டா?"

"ரெண்டு."

ஒரு நாள் என்பதை டாக்டர் கைதவறி மூன்று வாரம் என்று எழுதிவிட்டதாக அடுத்த மனு போயிற்று. டாக்டரையும் மாணவியையும் இருபதாம் தேதி நேரில் அழைத்துவரும்படி பதில் வந்தது. விஷயத்தைக் கேட்ட டாக்டர், சிகாபுதீனைத் தான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டார்.

வெங்கிட்டு கடிதத்தின் பின்பக்கத்துப் பொடியெழுத்தையெல்லாம் விரல் வைத்துப் படித்தார். ஏழாம் விதியில் விரல் நின்றது.

"காப்பாளர் காலமானா அந்த வருஷம் மட்டும் எந்த நிபந்தனையும் பார்க்க மாட்டாளாம்."

"காப்பாளர்னா நான்தானே?"

"அதுதான் சிக்கல்."

சிகாபுதீன் சற்று யோசித்தார். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல சாமி."

"மரணச் சர்டிபிகேட் கேட்பா. அதை இழுத்தடிச்சு வருஷத்தை ஓட்டிடலாம். என்ன வியாதின்னு போடட்டும்?"

"சட்டுனு போற மாதிரி ஒண்ணு போடுங்க. பிள்ளைக்குச் செலவு வெச்சேன்னு இருக்க வேண்டாம்."

நெஞ்சடைப்பு என்று எழுதி, தாய்மாமன் என்ற இடத்தில் சிகாபுதீனையே ஒரு கையெழுத்துப் போட வைத்தார்.

மறுநாள் காலை சிகாபுதீன் போட் ஏறினார். அறக்கட்டளை ஆபீசில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. செகரெட்டரி இன்னும் வரவில்லை. பாலக்காட்டுப் பக்கத்துப் பியூன் நல்லசிவம் மட்டும் இருந்தார். அவரிடம் தன்னை நசீபாவின் மாமன் என்று சொல்லிக்கொண்டார்.

"நசீபாவோட மாமாவா? என்ன விசேஷம் இக்கா?"

"அவ அத்தா மவுத்தாயிட்டாரு. நெஞ்சடைப்பு."

சொல்லும்போது குரல் தடுமாறியது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

நல்லசிவம் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துச் சாயா வரவழைத்தார்.

"நெஞ்சடைப்பா? அப்போ அதிகம் வலி அறியாமப் போயிட்டாரு. ஓணம் வரைக்கும்தான் அவரு தாங்குவாருன்னு டாக்டர் அவகிட்டச் சொல்லியிருந்தாராம். வயித்துல கான்சர். கெமிஸ்ட்ரி பரீட்சை அன்னிக்குத்தான் ரிசல்ட் வாங்க ஆஸ்பத்திரியில காத்துக் கிடந்திருக்கா, பாவம். அடுத்த வாரம் இங்க வந்து, இந்தப் பெஞ்சுலதான் உக்காந்து அழுதா."

சிகாபுதீன் சாயாவைக் கீழே வைத்தார். "வயித்துல வெறும் புண்ணுதான் அத்தா, மருந்து குடிச்சா ஆறிடும்" என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தை நசீபா அவருக்குப் படித்துக் காட்டியிருந்தாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். அதுவும் இங்கிலீஷில்தான் இருந்தது.

"அந்தக் காரணத்தை எழுதிக் கொடுத்திருந்தா…" என்று கேட்டார்.

"செகரெட்டரி அப்பவே ஒப்பு போட்டிருப்பாரு. நான் எத்தனை வாட்டி சொன்னேன். பதில் கடுதாசி வீட்டுக்குத்தான் வரும், அத்தா யார்கிட்டயாவது கொடுத்துப் படிச்சுருவாரு, ஸ்காலர்ஷிப் போனாப் போகட்டும்னுட்டா."

நல்லசிவம் மனுவை வாங்கி, மடிப்பு நீவி, செகரெட்டரி மேசையில் வைத்தார்.

"இனி தைரியமா எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க இக்கா. யார்கிட்ட மறைச்சாளோ, அவருதான் போயாச்சே."