ஒரு விரல் இடைவெளி

உலகத்தில் எல்லாமே வெயிலுக்குப் பெருக்கும் என்பதை இடைவெளி மாமாவைப் போல் நம்பியவர் மட்டக்களப்பு வாவிக்கு இக்கரையிலும் இல்லை, அக்கரையிலும் இல்லை.

எங்கள் தெருவின் இரும்புக் கேற் எல்லாம் அவர் செய்தவை. இரு கதவுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி கட்டாயம் இருக்கும். அதனால் எங்கள் தெருவில் ரகசியம் என்பதே கிடையாது. எந்த வீட்டில் என்ன கறி என்பது வீதியால் போகிறவருக்கும் தெரியும்.

யாராவது முறையிட்டால் ஸ்டேஷன் பக்கம் கையைக் காட்டுவார். “தண்டவாளத்துக்கே துண்டுக்குத் துண்டு இடம் விட்டுத்தான் பூட்டியிருக்கான், மனே. விடாட்டி வெயிலுக்கு நீண்டு வளைஞ்சி போகும். மறுகா கோச்சி எங்க ஓடுற?”

கலியாண வீட்டில் கதிரைகளையும் தள்ளித் தள்ளித்தான் போடுவார். சட்டையின் மேல் பொத்தானை அவர் பூட்டி யாரும் கண்டதில்லை.

போன வருஷம் அவரோடு கொழும்புக்கு ரயிலில் போனேன். கொழும்பை நெருங்கும்போது தடக்தடக் சத்தம் நின்றது. மாமா பதறி எழும்பினார்.

“என்ன, சத்தம் கேக்கல்ல?”

எதிரே இருந்த இளைஞர் ரயில்வே எஞ்சினியராம். “இது பற்றவைச்ச தண்டவாளம், ஐயா. இடைவெளி இல்லை.”

“அப்ப வெயிலுக்கு எங்க நீளும்?”

“நீள விடமாட்டம். கொங்கிரீட் சிலிப்பர் கட்டையில கிளிப் போட்டு இறுக்கி, சல்லிக்குள்ள புதைச்சி வைச்சிருக்கு.”

பெட்டியே சிரித்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் யாரோ எவரோ என்பது போல் ஜன்னலைப் பார்த்தேன். மாமா மெல்ல உட்கார்ந்து மேல் பொத்தானைப் பூட்டினார்.

திரும்பி வந்த மறுநாள் விடியவே வெல்டிங் சாமானோடு எங்கள் வாசலில் நின்றார். “ஊர ஏமாத்திப்போட்டன், மனே. உங்கட வீட்டில இருந்து சரிபண்ணிக்கிட்டு வாறன்.” இரும்புப் பட்டம் என்கிற தட்டைக் கம்பியை வைத்து இடைவெளியை ஒட்ட அடைத்தார்.

அன்றைக்குத்தான் களுதாவளையிலிருந்து என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வந்ததும் கேற்றைச் சாத்தினோம். உச்சி வெயிலில் புறப்பட்டால் கேற் அசையவில்லை. தண்டவாளத்தை அடக்கக் கட்டையும் சல்லியும் உண்டு. எங்கள் கேற்றுக்கு இரண்டு தூண்தான். பெருத்த இரும்பு இறுகிவிட்டது.

நாலு பேர் இழுத்தும் பலனில்லை. சம்பந்தம் போச்சு என்று அம்மா கண்கலங்கினார். அப்பா நிலத்தைப் பார்த்தபடி நின்றார். மாப்பிள்ளையின் தாய் கேற்றையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

“நம்மட வழக்கப்படி கலியாணம் முடிஞ்சா மகன் இஞ்சதான் இருக்கப் போறான். அதுக்காக இண்டைக்கே பூட்டிப்போட்டீங்களோ?”

அவர் சிரித்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. யாரோ சொல்லி ஓடிவந்த மாமா, பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக வெளியே இருந்து கேற்றில் ஊற்றினார். இரும்பு குளிர்ந்து திறந்தது. விருந்தாளிகள் நனைந்த பாதையால் வெளியேறும்போது அவர் முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டார். பட்டத்தை வெட்டி எடுத்துவிட்டுப் போனவர் எங்கள் தெருவுக்குப் பிறகு வரவேயில்லை. தங்கச்சி கலியாணத்துக்கும் வரவில்லை.

போன கிழமை அவருடைய பட்டறைக்குப் போனேன். தலை நிமிராமல் வேலை செய்தார். மேல் பொத்தான் பூட்டியபடியே இருந்தது.

“மாமா, தங்கச்சிர புது வீட்டுக்குக் கேற் ஒண்டு வேணும்.”

“வேற ஆளிட்ட குடு, மனே.”

“வேற ஆக்கள் இடைவெளி விடமாட்டாங்க.”

கையில் இருந்த இரும்பைக் கீழே வைத்தார். பிறகு பொத்தானைக் கழற்றிவிட்டு அளவு நாடாவைத் தேடினார்.