நான் போட்ட ஸ்பீடு லிமிட்

அந்த ஞாயிற்றுக்கிழமை காபி தம்ளரைத் தவிர வேறு எதையும் தூக்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

காரணம், என் மச்சான். வீடு மாற்றுகிறார். புது வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அவரிடம் ஓர் இரும்பு பீரோ உண்டு. அதைச் செய்தவன் உள்ளே இன்னொரு பீரோவை வைத்துப் பூட்டிவிட்டான் என்பது என் சந்தேகம். அன்றைக்கென்று பார்த்துக் கால்பந்து இறுதி ஆட்டம்! "வர முடியாது" என்று மனைவியிடம் நேரே சொல்லலாம்தான். சொல்லிப் பார்த்தவர்கள் யாரும் இப்போது நல்ல நிலையில் இல்லை.

எனவே விஞ்ஞானத்தைச் சரணடைந்தேன். நான் கட்டட வரைபட ஆபீஸில் வேலை பார்ப்பவன். மேனேஜருக்கு ஒரு பெரிய வீடியோ ஃபைல் அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பும் சாஃப்ட்வேரில் 'ஸ்பீடு லிமிட்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வீட்டில் மற்றவர்களுக்கும் கொஞ்சம் நெட் மிஞ்சட்டும் என்று யாரோ நல்லவர் வைத்தது. அதில் இருப்பதிலேயே சின்ன எண்ணாகப் பார்த்துப் போட்டேன். அரை மணியில் போக வேண்டிய ஃபைல், மாமியார் வீட்டு விருந்தை விட்டுக் கிளம்பும் மாப்பிள்ளை மாதிரி நகர ஆரம்பித்தது. முடிய ராத்திரியாகும் என்றது திரை. கண் குளிர்ந்தது.

"ஏங்க, இன்னும் கிளம்பலையா?"

"எப்படிம்மா கிளம்புறது? ஃபைல் போயிட்டிருக்கே."

"அது பாட்டுக்குப் போகட்டும். நீங்க என்ன பின்னாடி நின்னு தள்ளவா போறீங்க?"

"நடுவுல நின்னுட்டா? பக்கத்துலயே இருக்கணும்."

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமாகவே பார்த்தாள்.

"நெட் மெதுவா இருக்கோ?"

"லீவு நாள் பாரு. ஊரே உட்கார்ந்து சினிமா பாக்குது."

"பாவங்க நீங்க. சரி, போய்க் குளிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்."

குளியலறையில் பாட்டே வந்தது எனக்கு. வெளியே வந்தபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வாசல் வரை போய்ச் சோகமாக வழியனுப்பினேன். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேரே டிவி.

ஆட்டம் சூடு பிடித்தபோது போன். மேனேஜர்.

"ஃபைல் காலையிலேயே வந்திடுச்சு. பிரமாதம்!"

"காலையிலேயேவா?"

"நீங்க குளிக்கும்போது கூப்பிட்டேன். உங்க வீட்டம்மாதான் எடுத்தாங்க. லிமிட் இருந்துச்சு, எடுத்துட்டேன், இப்ப வந்துரும்னாங்க. அவங்க பிரஸ்ல தினமும் இதே சாஃப்ட்வேர்லதான் பக்கம் அனுப்புறாங்களாமே! தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது. "பிரஸ்ல ஏதோ கம்ப்யூட்டர் வேலை" என்றுதான் இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்ன வேலை என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

"ஆபீஸ் வேலைக்காகவே இன்னிக்குப் பூரா வீட்டுல இருக்கீங்களாம். நெகிழ்ந்து போயிட்டேன்! அடுத்த பிராஜெக்ட் மொத்தத்தையும் உங்களுக்கு அனுப்பிட்டிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருங்க."

எங்கள் டிவி ஓடுவதும் அதே நெட்டில்தான். கோல் கம்பத்தை நோக்கிப் பறந்த பந்து அந்தரத்தில் நின்றது. நடுவே ஒரு வட்டம் சுற்றியது. மேனேஜர் அனுப்பும் ஃபைல்கள் நெட் முழுவதையும் விழுங்கிக்கொண்டிருந்தன. ஓடிப்போய் லிமிட் போட்டேன். பந்து அசைந்தது. போன் அடித்தது.

"என்னங்க, திடீர்னு மெதுவாயிடுச்சு? மறுபடியும் லிமிட்டா?"

"சேச்சே!" என்று லிமிட்டை எடுத்தேன். பந்து நின்றது.

இந்த வேலையோடு ஒப்பிட்டால் பீரோ பஞ்சு மூட்டையாகத் தெரிந்தது. மச்சான் கூப்பிட்டார் என்றால் மேனேஜர்கூட மறுக்க மாட்டார். மனைவிக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே கூச்சல்.

"நான் கிளம்பி வந்துடறேம்மா. பீரோவுக்கு ஒரு கை கொடுக்கறேன்."

"பீரோவா? அதை அண்ணன் நேத்தே ஆள் வெச்சு ஏத்திட்டாரே."

"அப்புறம் என்னை எதுக்கு வரச் சொன்ன?"

"மேட்ச் பாக்கத்தான். சுவர் அகலத்துக்குப் புது டிவி வாங்கியிருக்கார். சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள ஃபைல் போயிட்டிருக்குன்னுட்டீங்க. இருங்க, இருங்க... கோல்!"

"யாரும்மா போட்டது?"

"நீங்க ஆபீஸ் வேலையைக் கவனிங்க" என்று போனை வைத்துவிட்டாள்.