வேர்க்கடலைக்குப் போன கார்

எனக்குக் காரணமில்லாமல் கோபம் வராது. காரணத்தை மற்றவர்கள் கொடுத்துக்கொண்டே இருந்தால் அதற்கு நான் என்ன செய்வது? இந்தப் பொங்கலுக்குக் கொடுத்தவர்கள் என் மாமனார், என் மைத்துனன், புதிதாக வந்த சகலை. மூன்று பேரையும் வரிசையாக எனக்கு எதிரில் உட்கார வைத்தவள் என் மனைவி காஞ்சனா. எழுதும்போதே எழுத்து கோணிக்கொண்டு போகிறது. வயசானதால் இல்லை.

முதலில் என் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கார். செகண்ட் ஹேண்டுதான், ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டேன். திருப்பதியில் எங்கள் குடியிருப்புக்குக் கீழே கவர் போட்டுத் தூங்கும். நான் ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கிறேன், கம்பெனி பஸ் வாசலுக்கே வந்துவிடும். காஞ்சனா புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் ஆர்டினரி பஸ்ஸில் போகிறாள், நின்றுகொண்டு. அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. அவளுக்கு ஓட்டத் தெரியும் என்பதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. என் காரை ஓட்டத் தெரியுமா என்பதுதான் கேள்வி. அந்தக் காரின் கிளட்ச் என் காலுக்குப் பழகியது. வேறு கால் பட்டால் தாங்காது. இதைச் சொன்னால் காஞ்சனா பதில் பேசாமல் என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கே எனக்குக் கோபம் வரும்.

போகி அன்று மாமனார் ஊரான நாகலாபுரத்துக்குக் கிளம்பினோம். நாராயணவனத்தில் கோயிலுக்குப் போய்விட்டு வெளியே வந்தால், காஞ்சனா டிரைவர் பக்கத்துக் கதவருகே நின்று கையை நீட்டுகிறாள். இங்கிருந்து அவள் ஓட்டுவாளாம். ரோட்டில் கரும்பு டிராக்டர் வரும், மாடு வரும், கிராமத்துப் பையன்கள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, அவளை இடது பக்கத்துக்கு அனுப்பினேன். பிச்சாட்டூர் வரை அவள் வாயே திறக்கவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது யோசித்தால், அங்கேதான் நான் பயந்திருக்க வேண்டும்.

பிச்சாட்டூர் தாண்டியதும் ரொம்ப அக்கறையாக ஆரம்பித்தாள்.

"இந்த வாட்டி நீங்க சீட்டாட உக்காராதீங்க. சும்மா பாத்துக்கினு இருங்க."

"இன்னாத்துக்கு?"

"அஷ்வின் வராரு இல்ல. அவரு நல்லா ஆடுவாராம், ஹரிதா சொன்னா. நீங்க தோத்துட்டு மூஞ்சைத் தூக்கி வச்சிக்கினு இருந்தா பண்டிகை நாளும் அதுவுமா நல்லாவா இருக்கும்?"

ஹரிதா என் மைத்துனி. அஷ்வின், அவளை ஆவணியில் கட்டிக்கொண்ட சென்னைப் பையன். அவனைப் பார்த்து நான் பயப்பட வேண்டுமாம். நான்.

என் பெருமையை நானே சொல்லக் கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்வதில்லை. மாமனார் வீட்டில் மாட்டுப் பொங்கல் மத்தியானம் சாப்பாடு ஆனதும் கூடத்தில் பாய் விரித்து மூணு சீட்டு ஆடுவார்கள். காசு கிடையாது. ஆளுக்கு ஒரு முறம் வேர்க்கடலை. மாட்டைக் குளிப்பாட்டி ஓட்டிவரும் வரைக்கும் ஆட்டம். அப்போது யாருடைய குவியல் பெரியதோ அவர்தான் ஜெயித்தவர். என் தலைப் பொங்கலிலிருந்து எட்டு வருஷமாக அது நான்தான். என் வித்தையெல்லாம் பார்வையில் இருக்கிறது. ஒரு பிடி கடலையை நடுவில் தள்ளிவிட்டு எதிரில் இருப்பவரை முறைப்பேன். அவ்வளவுதான். மாமனார் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகிவிடுவார்; கடைசிவரை கவிழ்க்காதவருக்குத்தான் நடுவில் இருக்கும் கடலை. மைத்துனன் திலீப் கவிழ்த்துவிடுவான். காஞ்சனா சில சமயம் சீட்டைப் பார்க்காமலேகூடக் கவிழ்த்துவிடுவாள். பேக்டரியில் இதை நான் சொல்லாத ஆள் கிடையாது.

இப்படிப்பட்டவனிடம் போய் உட்காராதே என்றால்? கார் ஒரு பக்கமாக ஒதுங்கும் அளவுக்குக் கத்தினேன்.

"நான் தோத்தா இந்தச் சாவிய உன் கையில குடுத்துடறேன். நீயே வச்சிக்கோ. தெனம் புத்தூருக்கு ஓட்டிக்கினு போ."

"ஐயோ, கோவத்துல அப்படியெல்லாம் சொல்லாதீங்க."

"சொல்லுவேன். ஆனா நான் ஜெயிச்சா, இனிமே ஸ்டியரிங்கு பேச்சே நீ எடுக்கக் கூடாது. ஜென்மத்துக்கும்."

அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "சரி, உங்க இஷ்டம்" என்றாள். பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். வீட்டில் இறங்கியதும் தன் அப்பாவிடம் வருத்தமாகச் சொன்னாள், "இவரு இன்னா பந்தயம் கட்டிக்கினு வந்திருக்காரு பாரு நைனா." எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. பாதி பாதியாகச் சொல்கிறாளே என்று நானே முன்னால் வந்து முழுசாகச் சொன்னேன், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

மாட்டுப் பொங்கல் மத்தியானம் பாய் விரித்தார்கள். நான், மாமனார் சிட்டிபாபு, திலீப், காஞ்சனா, அஷ்வின். அஷ்வின் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தான். இவனா எனக்குப் போட்டி?

முதல் ஆட்டத்தில் எனக்கு ஒரு ஜோடி ஜாக்கி. ஒரு பிடி கடலையைத் தள்ளிவிட்டு முறைத்தேன். திலீப் கவிழ்த்தான். காஞ்சனா கவிழ்த்தாள். மாமனார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு பிடி வைத்தார்.

நான் ஒரு பிடி வைத்ததைக் கவனித்தாரா என்று அவரைக் கேட்டேன். கவனித்தாராம். அதனால்தான் இரண்டு பிடி வைக்கிறாராம். மரியாதையாகத்தான் சொன்னார். எட்டு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் எனக்கு மேலே ஒரு கடலைகூட வைத்ததில்லை. மனுஷர் கையில் ஏதோ பெரிய சீட்டு இருக்கிறது என்று நான் கவிழ்த்தேன். நான் கவிழ்த்த மறு நிமிஷம் அவரும் கவிழ்த்தார். போனில் யாருக்கோ பதில் அனுப்பிக்கொண்டிருந்த அஷ்வின் நிமிர்ந்து பார்த்து, குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அடுத்த ஆட்டமும் அப்படியே. அதற்கடுத்ததில் மாமனாருக்குப் பதில் திலீப் இரண்டு பிடி வைத்தான். நான் விலகினேன், உடனே அவனும் விலகினான், அஷ்வின் இழுத்துக்கொண்டான். என் முறம் காலியாகிக்கொண்டே வந்தது. எனக்கு மண்டைக்குள் கொதித்தது. பந்தயக் கடலையை உரித்துத் தின்கிறானே என்று திலீப்பைத் திட்டினேன். ஃபேன் காற்றில் சீட்டு திரும்புகிறது என்று ஃபேனை நிறுத்தச் சொன்னேன். வேர்த்தது, மறுபடி போடச் சொன்னேன். மாமியார் கொண்டுவந்த வடையை வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். அது எனக்குப் பிடித்த உளுந்து வடை. அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

தெருவில் சலங்கைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது, மாடுகள் வந்துகொண்டிருந்தன. என்னிடம் இரண்டு பிடி தேறினால் அதிகம். கடைசி ஆட்டத்திலும் மாமனார் என்னை விரட்டிவிட்டு, அஷ்வினுக்கு எதிரில் சீட்டைக் கவிழ்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எட்டி அவர் சீட்டைத் திருப்பிப் போட்டேன்.

மூன்று ராஜா.

அஷ்வின் சீட்டையும் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு நாலு, ஒரு ஏழு, ஒரு பத்து. மூன்று ராஜாவை வைத்துக்கொண்டு ஒரு பெரிய மனுஷர் நாலு, ஏழு, பத்துக்குக் கவிழ்த்திருக்கிறார்.

"இன்னா மாமா இது?"

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தலைப் பொங்கலுக்கு வந்த மாப்ளே நம்ம வீட்ல தோத்துட்டு எழுந்துக்கக் கூடாது மாப்ளே. எங்க நைனா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"அப்போ எனக்கு?"

"உங்களுக்கும் அப்படித்தான். ஒரு வருஷத்தோட நிறுத்தியிருக்கணும். நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. வருஷத்துல அன்னிக்கு ஒரு நாளு யாரையும் திட்டாம இருப்பீங்க. அப்படியே விட்டுட்டோம்."

எட்டு வருஷமும் பொய்யா? என் பார்வை? எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்? வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்கு அதுவும் கோபமாகத்தான் வெளியே வரும். அஷ்வினைப் பார்த்து, "நீ ஒண்ணும் ஜெயிக்கல, தெரிஞ்சிக்கோ" என்றேன். அவன் பணிவாக, "தெரியும்ணா, கல்யாணம் ஆன வாரமே ஹரிதா சொல்லிட்டா" என்றான். ஆக, எனக்கு மட்டும்தான் சொல்லவில்லை.

ரெண்டு மாப்பிள்ளையும் ஒரே ஆட்டத்தில் ஜெயிக்க முடியாதே, யாருக்கு விட்டுக்கொடுப்பது என்று பெரிய மகளைத்தான் கேட்டாராம் மாமனார். போன வாரமே போனில். நான் காஞ்சனாவைப் பார்த்தேன்.

"ஆமா, புதுசா வந்தவருக்கே குடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"எல்லாம் தெரிஞ்சிக்கினேதான் என்னைக் கார்ல கிளப்பிவிட்டியா? இது மோசடி. பந்தயம் செல்லாது."

அவள் சத்தம் போடவில்லை. சீட்டை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க ஜெயிக்கணும்னு எட்டு வருஷமா எங்க வீட்ல எல்லாரும் தோத்துக்கினு இருந்தோம். நான் ஒரு வாட்டி ஜெயிக்கணும்னு நீங்க எதுலனா தோத்திருக்கீங்களா?"

திலீப் கடலை மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டான். நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். நியாயமான ஆட்டம் வேண்டும், யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஆட்டம். காஞ்சனா உடனே ஒத்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும், ஒரே ஒரு கை. பந்தயம் அதே பந்தயம். கடலையைச் சமமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அஷ்வின் கலைத்துப் போட்டான்.

சீட்டை விரித்தேன். ஒரு ஜோடி ராணி, ஒரு எட்டு. நல்ல கை. ஒரு பிடி வைத்து முறைத்தேன். அவள் இரண்டு பிடி வைத்தாள். நானும் இரண்டு வைத்தேன். அவள் முறத்தை அப்படியே தூக்கி, மிச்சமிருந்த மொத்தக் கடலையையும் நடுவில் கொட்டினாள்.

முதல் தடவையாக அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் வரும்போது இருக்குமே, அதே முகம். அந்த முகத்தில் எனக்கு எதையும் படிக்கத் தெரியவில்லை. கையில் மூன்று ஆஸ் இல்லாமல் ஒருத்தி இவ்வளவு அமைதியாக இருக்க முடியுமா? ஜென்மத்துக்கும் வாயை மூடிக்கொள்கிறேன் என்று பந்தயம் கட்டியவள் சும்மாவா கொட்டுவாள்? கவிழ்த்துவிட்டேன்.

அவள் தன் சீட்டைத் திருப்பிப் போட்டாள். ரெண்டு, அஞ்சு, ஒன்பது. மூன்றும் ஒரே ஜாதிச் சீட்டாகக்கூட இல்லை.

"இத வச்சிக்கினா கொட்டுன?"

"சீட்டப் பாத்து ஆடல. உங்களப் பாத்து ஆடினேன். நீங்க கத்தாம இருந்தா பயந்துக்கினு இருக்கீங்கன்னு அர்த்தம்."

மாமனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். சாவியைப் பாயின் மேல் வீசினேன். அவள் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். முடிச்சு விழ அவளுக்கு மூன்று தடவை ஆனதை அப்போதுதான் பார்த்தேன். பார்த்து என்ன பிரயோஜனம்?

மறுநாள் காலையில் ஊருக்குக் கிளம்பும்போது எல்லோரும் கேட்கும்படி அறிவித்தேன். அந்தக் காரில் நான் ஏற மாட்டேன், பஸ்ஸில்தான் போவேன் என்று. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு வாசலைத் தாண்டினால் வீடே பின்னால் ஓடிவந்து கெஞ்ச வேண்டும். அதுதான் முறை. கெஞ்ச அவகாசம் கொடுத்து மெதுவாக நடந்தேன். தெருமுனையில் நின்று செருப்பைச் சரிசெய்தேன். யாரும் கூப்பிடவில்லை.

பின்னால் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. கிளட்ச் ஒரு தடவைகூட இழுக்கவில்லை. நன்றி கெட்ட கார். என் பக்கத்தில் வந்து நின்று கண்ணாடி இறங்கியது. கெஞ்சத்தான் வந்திருக்கிறாள் என்று முகத்தை இன்னும் கொஞ்சம் கடுமையாக்கிக்கொண்டேன். முன் சீட்டில் மாமியார் கொடுத்த பூசணிக்காய் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

"இன்னிக்கு உக்கார எடம் கெடைக்காதுங்க. ஏறனதும் நடுவுல நிக்காதீங்க, பிரேக்கு போட்டா விழுந்துடுவீங்க. டிரைவருக்குப் பின்னாடி ஒரு கம்பி இருக்கும், அதப் பிடிச்சிக்கினு நில்லுங்க. நான் தெனம் அங்கதான் நிப்பேன்."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு நடந்திருப்பேன். அந்த நேரம் பார்த்துத் திருப்பதி பஸ் எங்களைத் தாண்டிப் போனது. படிக்கட்டில் மட்டும் ஒரு கல்யாணக் கூட்டம் தொங்கிக்கொண்டிருந்தது.

பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன். கோபமாகத்தான் ஏறினேன்.