இன்னும் கொஞ்சம் கிட்டப் போம்மா

டிவிக்குள் கேமரா தெரிந்தது.

அணைத்துக் கிடந்த டிவிதான். ஆனால் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் கேமராவும், அதன் பின்னால் நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்த மகளும் படம் பிடித்து மாட்டியதுபோல் தெரிந்தார்கள்.

"மறுபடியும் முதல்லேர்ந்துப்பா," என்றாள் மகள்.

அப்பா முதுகிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தார். சந்தையில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர் அவர். லீவு நாளிலாவது முதுகு சும்மா இருக்கும் என்று பார்த்தால், மகள் எடுக்கும் குறும்படத்திலும் மூட்டைதான். கதை ரொம்பச் சின்னது. உழைத்துக் களைத்த ஒரு மனிதன் வீட்டுக்கு வருகிறான், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறான், அவ்வளவுதான். அதைத் தூரத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து ஒன்று என்று எடுத்து, ஒட்டுப் போட்டது தெரியாமல் சேர்க்க வேண்டும்.

போன தடவை எடுத்த படத்தில் பாதி குடித்த டம்ளர் அடுத்த ஷாட்டில் நிறைந்திருந்தது. கல்லூரியில் பிள்ளைகள் 'கத்திரி' என்று பேர் வைத்திருக்கும் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, "இது டம்ளரா, ஊத்துக் கிணறா?" என்று கேட்டு ஃபெயில் போட்டுவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் புதுப் படம் கொடுத்துத் தேறியாக வேண்டும். இல்லாவிட்டால் படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் துணிக்கடை வேலைக்குப் போகவேண்டியதுதான் என்று அம்மா தீர்ப்பு எழுதிவிட்டாள்.

அந்த அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் பகல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "சினிமா எடுக்கிறேன்னு என் வீட்டுல ஒரு சாமான் இடம் மாறியிருந்தாலும், அப்பாவும் மகளும் வாசல்லயே படுத்துக்குங்க."

அதனால் டிவியைத் தொட அப்பாவுக்குக் கை வரவில்லை.

"தூக்கிருங்கண்ணே. ஷாட் முடிஞ்சதும் அதே இடத்துல வச்சிரலாம்," என்றார் மாமா.

மாமா என்பது வெளிச்சம் பிடிக்க வந்தவர். கேமராவைக் கொண்டுவரும் தோழி, தன் மாமாவையும் லைட்டுக்கு அழைத்து வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கு முன்னாலேயே மாமா வந்துவிட்டார். குட்டி வேனை வாசலில் நிறுத்தி, வீட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரை, "வாங்க மாமா, லைட்டுக்குத்தானே?" என்று மகள் ஓடிப்போய் அழைத்தாள். அவர் சுவரிலிருந்து சுவர் வரை வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாம்மா," என்றார். தொழில் தெரிந்த பார்வை என்று அப்பாவுக்கு அப்போதே பட்டது. தாமதமாக வந்து சேர்ந்த தோழி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மகள் கொடுத்த வெள்ளைத் தெர்மாகோல் அட்டையோடு மாமா ஜன்னலோரம் நின்றதைப் பார்த்ததும் அப்பாடா என்று கேமராவைப் பிரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

டிவி வெளியே போனது. சந்து குறுகல், போகிற வருகிற பைக் இடிக்கும், வேனுக்குள் இருந்தால் பத்திரம் என்று மாமா சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அடுத்த ஷாட்டில் பீரோக் கண்ணாடி காலை வாரியது. இந்தத் தடவை அதில் விழுந்தது மாமா. மனிதர் பதறிப்போய் முகத்தை அட்டையால் மறைத்துக்கொண்டார். "என் மூஞ்சி மட்டும் எங்கயும் விழக்கூடாதும்மா. நாங்கல்லாம் பின்னால இருக்கிறவங்க," என்றார். என்ன அடக்கம் என்று அப்பா வியந்தார். பீரோவைக் கயிறு கட்டி ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றி, வாசல்படி உரசாமல் வேனில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஒரு கீறல் இல்லையேண்ணே. உங்க கையே கை," என்றார் மாமா. சந்தையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அப்பாவுக்கு உடம்பெல்லாம் தெம்பு ஏறியது.

பிறகு ஃபிரிட்ஜ் உறுமியது. அணைத்தும் உள்ளே என்னவோ களக் களக்கென்றது. ஒலி பதிகிறது என்று தோழி ஹெட்ஃபோனைக் கழற்றி வீச, ஃபிரிட்ஜும் போனது. அது நின்ற இடத்தில் அழுக்குப் பட்டை தெரியவே, மறைக்க அம்மாவின் தையல் மெஷினை இழுத்துப் போட்டார்கள். மெஷின் நிழல் அப்பா முகத்தில் கொம்பு முளைத்தாற்போல் விழுந்தது. மெஷினும் போனது.

அப்போதுதான் மகள் எடுத்ததையெல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"போச்சுப்பா. முதல் ஷாட்ல டிவி, பீரோ எல்லாம் இருக்கு. அடுத்ததுல டிவி இல்ல. அதுக்கடுத்ததுல பீரோ இல்ல. டம்ளருக்கே அந்த மனுஷன் ஃபெயில் போட்டாரு."

எல்லாவற்றையும் திரும்ப உள்ளே கொண்டு வந்துவிடுகிறேன் என்று அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். மாமா அவசரமாகக் குறுக்கே வந்தார்.

"சுவத்தை ஏம்மா காட்டுற? அப்பா முகம் இருக்குல்ல. கிட்டப் போ."

மகள் கிட்டப் போனாள். நெஞ்சுக்கு மேல் மட்டும் தெரிந்தது. பின்னால் மின்விசிறியின் ஓரம் வந்தது. விசிறியைக் கழற்றினார்கள். இன்னும் கொஞ்சம் கிட்டப் போம்மா என்றார் மாமா. முகம் மட்டும். கட்டிலின் தலைமாடு எட்டிப் பார்த்தது. கட்டிலைப் பிரித்தார்கள். இன்னும் கிட்ட என்றார் மாமா. கடைசியில் அப்பாவின் ஒரு கண்ணும், டம்ளர் விளிம்பும், தொண்டையில் ஏறி இறங்கிய ஒரு வாய்த் தண்ணீரும்தான் ஃப்ரேமில் மிச்சம்.

காலையில் களைப்பைக் காட்டச் சொன்னபோது அப்பாவுக்கு நெஞ்சுவலிக்காரன் மாதிரிதான் வந்தது. வீட்டையே சுமந்து ஏற்றிய பிறகு நடிக்கத் தேவையே இல்லாமல் போயிற்று. "இதான்ப்பா, இதேதான்," என்று மகள் கத்தினாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. படத்தைக் கல்லூரிக் கம்ப்யூட்டரில் வைத்து வெட்டிச் சேர்க்க வேண்டும். நீங்கள் மூன்று பேரும் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள், நான் வேனைத் தெருமுனை நிழலில் போட்டுக் காத்திருக்கிறேன், வந்ததும் சேர்ந்து இறக்கலாம் என்றார் மாமா. அப்பா கதவைச் சும்மா சாத்திவிட்டுப் படியிறங்கினார்.

"பூட்டிட்டுப் போங்கண்ணே. காலம் கெட்டுக் கிடக்கு," என்றார் மாமா. கூடவே ஒருதரம் பூட்டை இழுத்தும் பார்த்தார்.

கல்லூரியில் மகள் அரக்கப் பரக்க வெட்டினாள். கதவு திறக்கும் அசைவில் ஒரு வெட்டு, கை டம்ளருக்கு நீளும்போது ஒரு வெட்டு. கத்திரி வாத்தியார் வந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னார். மகள் நகத்தைக் கடித்தாள்.

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீடு நிறைய சாமான். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒண்ணொண்ணா மறையுது. கேமரா கிட்டப் போகப் போக அந்த மனுஷனுக்கு இந்த உலகத்துல ஒரு வாய்த் தண்ணிதான் மிச்சம்னு தெரியுது. பாஸும்மா. இந்த வருஷத்துலயே நல்ல படம் இதுதான். யார் யோசனை?"

மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. அம்மா. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருப்பாள். இரு, நல்ல சேதியோடு வருகிறேன் என்று மனதுக்குள் சொல்லி அதை அமுக்கினார். போன் உடனே மறுபடி அடித்தது. மறுபடி அமுக்கிவிட்டு, வாத்தியாரைப் பார்த்து மார்பை நிமிர்த்தினார்.

"எல்லாம் இந்தக் கேமராப் பொண்ணோட மாமா யோசனைதான் சார். வேனோட வந்து காலையிலேர்ந்து நிக்கிறாரு. தங்கமான மனுஷன்."

ஓரமாக வயர் சுற்றிக்கொண்டிருந்த தோழி நிமிர்ந்தாள்.

"எங்க மாமாவுக்குத்தான் லீவே கிடைக்கலையே. அவரு உங்க மச்சான் இல்லையா, அங்கிள்?"