புளிக் கொட்டகையில் பூப்பந்து

கண்ணுகளா, உங்கள் பல்கலைக்கழகத்தில் கட்டியிருக்கும் பல்நோக்கு உள்விளையாட்டு அரங்கத்தைப் பற்றிச் சோறு தண்ணி மறந்து பேசுகிறீர்கள். மேலே கூரையாம், கீழே மரத்தரையாம், மழை பெய்தாலும் ஆடலாமாம். "அப்பா, உங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று ஒரு கேள்வி வேறு. ஏன் இல்லை? இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷமே தருமபுரியில் இருந்தது. அதைத் தொடங்கியவர்களில் நானும் ஒருவன். மூட வைத்தவன் நான் ஒருவன் மட்டும்தான் என்று ஊர் சொல்கிறது. அது அநியாயம். அந்த அநியாயத்தை எழுதி வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் ஆடியது பூப்பந்து. கம்பளி நூல் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். ஆடி மாதக் காற்றில் அடித்த பந்து எதிர்ப்பக்கம் போகாது, நல்லம்பள்ளிக்குப் போகும். ஆகவே புளி வியாபாரி கரீம் பாயின் கொட்டகையைக் கேட்டோம். புளி விற்றுத் தீர்ந்தால் அது காலியாகத்தான் கிடக்கும். மழைக்கு ஆடு ஒதுங்கும், கல்யாணக்காரர்கள் பந்தல் சாமான் போட்டு வைப்பார்கள். (அதுவும் பல்நோக்குதானே?)

பாய் கறாராகச் சொன்னார்: "சேலத்துக் காலேஜ் பசங்களை வரவெச்சு ஒரு ஆட்டம் ஆடுங்க. தாசில்தாரைக் கூப்புடுங்க. அவரு நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அடுத்த புளி வர்ற வரைக்கும் கொட்டா உங்களுது. இல்லேன்னா கடலைக்கா மூட்டை அடுக்கிடுவேன்." (தாசில்தார் தன் கொட்டகைக்கு வந்தார் என்ற பெருமையில் அவருக்கும் ஆசை.)

தரைதான் கவலை. மண் தரை, குதித்தால் புழுதி கிளம்பும். தாசில்தார் தும்மினால் எல்லாம் போயிற்றே என்று எனக்குத் தூக்கமில்லை. "சாணி போட்டு மெழுகிடலாம்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும்! எங்கள் தலைவன் காவேரி (ஆண்பிள்ளைதான், பென்னாகரம் பக்கம் அப்படித்தான் பெயர் வைப்பார்கள்) கூடை கூடையாகச் சாணியை அவன் வீட்டிலிருந்தே கொண்டுவந்தான்.

முந்தின நாள் சாயங்காலம் நான் மெழுகினேன். ஒரு பூச்சு போதாது என்று அதன்மேல் இன்னொரு பூச்சு. நாய் மிதிக்கக் கூடாது என்று கதவைச் சாத்திப் பூட்டும் போட்டேன். வீட்டு வாசலில் மெழுகினால் வெயில் காய வைக்கும், காற்று காய வைக்கும். இந்த இரண்டும் உள்ளே வரக் கூடாது என்றுதானே அந்தக் கொட்டகையையே தேடிப் பிடித்தோம்! இது எனக்கு மட்டுமா தோன்றவில்லை? தலையாட்டியவர்களுக்குத் தோன்றியிருக்கலாமே?

மறுநாள் கதவைத் திறந்ததும் தாசில்தார் மூக்கில் கைக்குட்டையை வைத்தார். சேலத்துக்காரர்கள் வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைக் கான்வாஸ் ஷூவுமாக நின்றார்கள். அவர்கள் தலைவன் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தான்.

"என்னங்க, நாங்க ஆட வந்தமா, நாத்து நட வந்தமா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏங்க, உங்க வூட்ல மெழுகறதே இல்லீங்களா? மேலாக்கக் காஞ்சிருச்சு. நீங்க ஆடுங்க."

முதல் பந்து தரையில் விழுந்தது. கம்பளிப் பந்து, கண்ணுகளா! கொள்ளுமட்டும் சாணியைக் குடித்துக்கொண்டது. அடுத்து நான் ஓங்கி அடித்தேன். பந்து வலையைத் தாண்டியது. அது குடித்தது மட்டும் பக்கவாட்டில் தெறித்து, வலைக்கம்பத்துக்கு அருகே பாயோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாசில்தாரின் தலைப்பாகையில் இறங்கியது. துடைத்துவிட ஓடினேன். முதல் எட்டுதான் ஓட்டம். மீதித் தூரமெல்லாம் சறுக்கல். வலைக்கம்பத்தைப் பிடித்தேன். கம்பம் என்னோடு வந்தது. கம்பத்தோடு வலை வந்தது. தாசில்தாரும் பாயும் நானும் ஒரே வலையில் ஒகேனக்கல் கெண்டைமீன் போலக் கிடந்தோம்.

"யாருய்யா இவன்?" என்றார் தாசில்தார்.

"மெழுகுனவனுங்க" என்று காவேரி என்னைக் கைகாட்டினான். துரோகத்தைப் பாருங்கள்! சாணி அவன் வீட்டு மாட்டினுடையது!

தாசில்தார் ஒரு வார்த்தை சொல்லத்தான் செய்தார். அது 'நல்லாருக்குது' அல்ல. அதை உங்களுக்கு எழுத முடியாது.

வலையிலிருந்து தலையை விடுவித்துக்கொண்டே பாய் என்னிடம் சொன்னார்: "மாதையா, ஆடுன வரைக்கும் போதும்ப்பா. வர்ற சந்தையன்னிக்குக் கடலைக்கா வருது. அதுக்கு முன்ன வந்து உங்க வலையை எடுத்துக்கிட்டுப் போயிரு."

அந்தக் கூட்டத்தில் உங்கள் தாய்மாமனும் வேடிக்கை பார்த்தான் என்பது எனக்குக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. இன்றைக்கும் தரையைத் துடைத்தால் உங்கள் அம்மா, "கொஞ்சம் நில்லுங்க, காயட்டும். தாசில்தாரு இன்னும் வரலை" என்கிறாள். நீங்களும் சேர்ந்து சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதையும் தெரிந்துகொண்டு சிரியுங்கள்.

சந்தைக்கு முந்தின நாள் வலையை எடுக்க நான் தனியாகப் போனேன். கதவு அன்றிலிருந்து திறந்தே கிடந்திருக்கிறது. தரை காய்ந்து பலகை மாதிரி இருந்தது. புழுதி இல்லை, பிசுக்கு இல்லை. இதைத்தானே நான் சொன்னேன்!

கம்பத்தைத் தூக்கி நிறுத்தி வலையைக் கட்டினேன். ஒரு பந்தை அடித்தேன். வெளியே காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. உள்ளே பந்து நூல் பிடித்தாற்போல் போய் விழுந்தது. எடுக்க ஆளில்லை. அந்தப் பக்கம் நடந்து போய், நானே அதைத் திருப்பி அடித்தேன். அப்புறம்தான் வலையை அவிழ்த்தேன்.