செங்கோடன் சொன்ன திருத்தங்கள்

பெண்டாட்டியைக் கல்லூரியில் சேர்த்துவிட்ட தன் பெருந்தன்மையைச் செங்கோடன் சேந்தமங்கலம் முழுக்கச் சொல்லித் தீர்த்திருந்தார். மகள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். நாற்பத்தொரு வயதில் அறிவுச்செல்வி வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாள், நாலு எழுத்துப் படிக்கட்டுமே என்று அவரே மனமுவந்து அனுமதி கொடுத்தார். அவள் அதற்கு முந்தின வாரமே விண்ணப்பம் போட்டுவிட்டாள் என்பது வேறு விஷயம்.

அந்தப் பெருந்தன்மைக்குப் பலன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ஐந்தே வரி.

ஊருக்கெல்லாம் ஊற்றுக் காட்டுகிறார்.
எங்கள் சமையலறைக் குழாய்
மூன்று வாரமாகச் சொட்டுகிறது.
அந்தத் தண்ணீர் மட்டும்
அவர் கண்ணில் படவில்லை.

செங்கோடனுக்குப் பல் துலக்கிய நுரை வாயிலேயே நின்றது.

"ஏ புள்ள, இது ஆரப் பத்தி?"

"பொதுவா எழுதுனதுங்க. கவிதைல 'அவர்'னா ஆரா வேணாலும் இருக்கலாம்னு மேடம் சொல்லிருக்காங்க."

கல்லூரியில் எழுத்துப் பயிற்சி என்று ஒரு பாடமாம். அதில் மூன்று பாகமாம். முதலில் கவிதை, அடுத்து சொந்த வாழ்க்கையைப் படக்கதையாக வரைவது, கடைசியில் சினிமா. ஒவ்வொன்றிலும் மற்றவர்கள் செய்ததைப் படித்துவிட்டுத் தானும் ஒன்று செய்ய வேண்டுமாம். செங்கோடன் அன்று மத்தியானமே குழாய்க்கு வாஷர் மாட்டிவிட்டுக் கவிதையை எடுக்கச் சொன்னார். கவிதைக்குள் அது இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

செங்கோடன் நீரோட்டம் பார்ப்பவர். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பார். தண்ணீர் இருக்கும் இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். அந்த இடத்தில் போர் போட்டால் தண்ணீர் பீய்ச்சும். இதுவரை தவறியதில்லை. போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் வேலுமணி, செங்கோடன் மாமன் கை காட்டாத இடத்தில் வண்டியை நிறுத்தவே மாட்டான். கல்யாண வீடுகளில் அவருக்கு முதல் வரிசை நாற்காலி. அந்த நாற்காலிதான் அவருக்கு உயிர்.

அந்த நாற்காலிக்கு அடியில் ஒரு ரகசியம் இருந்தது. போகிற இடத்துக்கெல்லாம், சகுனத்துக்கு என்று சொல்லி, மனைவியையும் கூட்டிப் போவார். அவள் அந்த வீட்டுப் பெண்களிடம் பேச்சுக் கொடுப்பாள். எந்தக் கிணறு எந்த மாதம் வற்றும், எந்த வரப்பில் சித்திரையிலும் புல் காயாது என்று விசாரிப்பாள். புற்றைப் பார்ப்பாள், பாறையைப் பார்ப்பாள். பிறகு கால் வலிக்கிறது என்று ஓரிடத்தில் நின்று கையிலிருக்கும் மஞ்சப்பையைக் கீழே வைப்பாள். சற்று நேரத்தில் செங்கோடனின் தேங்காய் அங்கே எழுந்து நிற்கும். இதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அவள் பை வைப்பதும் அவர் அங்கே போய் நிற்பதும் தற்செயல் என்றே செங்கோடன் தன்னை நம்பவைத்திருந்தார். அவள் கல்லூரிக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைதான் தனக்கு ராசியான நாள் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்.

இரண்டாவது அதிர்ச்சி சாப்பாட்டு மேசைமேல் விரித்தபடி கிடந்தது. அவள் வரைந்த படக்கதை நோட்டு. முதல் கட்டத்தில் மீசை வைத்த ஒருவர் கையில் தேங்காய். இரண்டாவது கட்டத்தில் அந்தத் தேங்காய்க்கு அடியில் விரல்கள், பக்கம் முழுக்கப் பெரிதாக. பக்கத்துக்குப் பக்கம் ஒரு மஞ்சப்பை. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, பைக்கு மட்டும் மஞ்சள் பூசியிருந்தாள். செங்கோடன் அந்த விரல்களை இன்னொரு முறை பார்த்தார். பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷமும் விரலைக்கூடப் பார்த்திருக்கிறாள்.

அவளிடம் கேட்க முடியாது. கேட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நோட்டைக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகைப் பரணில் தீவனத்துக்கு அடியில் செருகினார். சாயங்காலம் அவள் எதையும் தேடவில்லை. இட்லி மாவு ஆட்டினாள், தொலைக்காட்சி பார்த்தாள். பொறுக்க முடியாமல் செங்கோடனே பேச்சை எடுத்தார்.

"நோட்டு கீட்டு ஒண்ணும் காணாமப் போகலியா?"

"எந்த நோட்டுங்க?"

"சும்மா கேட்டன்."

"படம் வரைஞ்சதச் சொல்றீங்களா? அது போன வாரமே மேடத்துகிட்டக் குடுத்தாச்சுங்க. ஊட்ல கெடந்தது நகலு. வெள்ளிக்கிழமை காலேஜ்ல எல்லாத்தையும் காட்சிக்கு வெக்கறாங்க. நீங்களும் வாங்க. வேலுமணி தம்பிகூட வாராரு, அவரு புள்ள பிரவீனா எங்கூடத்தான படிக்குது."

வேலுமணி என்ற பெயரைக் கேட்டதும் செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை கல்லூரிக்கே போய்விட்டார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா. பேராசிரியை தனப்பிரியாவுக்கு அவர் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். எழுந்து நின்று வரவேற்று, பிஸ்கட் வைத்து, என்ன விஷயம் என்று கேட்டார். உங்கள் மாணவி வரைந்ததில் ஆட்சேபணை இருக்கிறது என்றார் செங்கோடன். சொல்வதைக் கேமராவில் பதிவு செய்துகொள்ளலாமா, மற்றவர்களுக்கும் போட்டுக் காட்டலாமா என்று பேராசிரியை கேட்டார். தாராளமாக, ஊரே பார்க்கட்டும், எனக்கென்ன பயம் என்றார் செங்கோடன். நீட்டிய படிவத்தில் படிக்காமலே கையெழுத்தும் போட்டார். பேராசிரியை அறிவுச்செல்வியின் நோட்டை எடுத்து விரித்தார்.

"மொதல்ல, இது அத்தனையும் பொய்யிங்க."

"எந்தப் படம் சார்?"

"இதப் பாருங்க, தேங்கா எடது கையில இருக்குது. நான் எந்தக் காலத்துல எடது கையில வெச்சன்? சோத்துக் கைதானுங்க. பெருவெரலு அடியில வரோணுமில்ல, எடது கையில அது எப்படிப் படியும்?"

"பெருவிரல் அடியில வந்து என்ன செய்யும் சார்?"

"மெதுவா ஒரு நெம்பு, அவ்வளவுதான். இவ வரைஞ்சிருக்கற மாதிரி நாலு வெரலையும் போட்டு நெம்புனா எதுத்தாப்பல நிக்கறவன் பாத்துர மாட்டானா?"

பேராசிரியை அடுத்த பக்கத்தைத் திருப்பினார். செங்கோடனுக்கு ரத்தம் கொதித்தது. எத்தனை வருஷத் தொழில், எவ்வளவு கேவலமாக வரைந்து வைத்திருக்கிறாள்.

"பைய என் காலடியிலயே போட்டுருக்கறா பாருங்க. ரெண்டடி தள்ளித்தான் வெப்பா. நான் அதைத் தாண்டிப் போயி, ஒரு சுத்துச் சுத்தி, பொறவுதான் வந்து நிப்பன். நேரா பைகிட்டப் போயி நிக்கறதுக்கு நானென்ன மடையனுங்களா?"

"பையை எங்க வைக்கணும்னு யார் சார் முடிவு பண்ணுவாங்க?"

"அவதான். அவளுக்குத்தானுங்க தெரியும்."

மொத்தம் பதினாறு திருத்தம் சொன்னார். எல்லாம் பதிவானதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டார். இத்தனை பிழை இருக்கும் நோட்டைக் காட்சிக்கு வைக்கமாட்டோம் என்று பேராசிரியை உறுதி சொன்னதும், மிச்சமிருந்த பிஸ்கட்டையும் சாப்பிட்டுவிட்டு வெற்றியோடு வீடு திரும்பினார். வழி நெடுகப் பாட்டு முணுமுணுத்தார்.

வெள்ளிக்கிழமை கல்லூரி அரங்கைச் சுவர் சுவராகச் சல்லடை போட்டுத் தேடினார். கவிதைகள் இருந்தன, யார் யாரோ வரைந்த படக்கதைகள் இருந்தன. மஞ்சப்பை எங்குமில்லை. நிம்மதியாக முதல் வரிசையில், வேலுமணிக்குப் பக்கத்தில், காலை நீட்டி உட்கார்ந்தார். விளக்கை அணைத்தார்கள். மாணவிகள் எடுத்த குறும்படங்களாம்.

மூன்றாவது படத்தின் பெயர் 'திருத்தம்'. எழுத்து, ஓவியம், இயக்கம்: அறிவுச்செல்வி.

திரையில் இடது கையும் தேங்காயும் வந்தன. "சோத்துக் கைதானுங்க" என்று ஒரு குரல் அரங்கத்தை அதிரவைத்தது. அது யார் குரல் என்று செங்கோடனுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு திரை முழுக்க அவருடைய முகமே வந்தது. கையை வலப்பக்கம் மாற்றி, பெருவிரலை மடக்கி, நெம்பு எப்படி என்று அவரே பொறுமையாகச் செய்து காட்டினார். ஒவ்வொரு படமாக வந்தது, ஒவ்வொன்றையும் அவரே திருத்தினார். அரங்கம் சிரித்து உருண்டது. செங்கோடன் நீட்டிய காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். வேலுமணியின் பக்கம் திரும்பக் கழுத்துக்குத் தைரியமில்லை.

கடைசியில் கேமரா அவர் முகத்திலேயே நின்றது. "அவதான். அவளுக்குத்தானுங்க தெரியும்." அதைச் சொல்லும்போது தன் முகத்தில் அவ்வளவு பெருமை வழிந்ததைப் பார்த்தபோதுதான் செங்கோடன் மெய்யாகவே அதிர்ந்துபோனார். அப்படி ஒரு முகம் தனக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தானும் தட்டிக்கொண்டிருப்பதை அவர் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார்.

வராந்தாவில் மனைவியை ஓரங்கட்டினார்.

"எடது கையில வரைஞ்சது தெரியாமச் செஞ்சதா, தெரிஞ்சே செஞ்சதா?"

"தெரிஞ்சேதானுங்க. நாலு மாசமா ஒரு பேட்டி குடுங்கன்னு கெஞ்சுனன், மாட்டேன்னுட்டீங்க. உங்களக் கேட்டாச் சொல்ல மாட்டீங்க. தப்பாச் சொன்னாத் திருத்தாம இருக்க மாட்டீங்க."

செங்கோடன் பதினாறு திருத்தத்தையும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். அதற்குள் மகளோடு வேலுமணி வந்துவிட்டான். இனி தன் முகத்தில் விழிக்கவே மாட்டான் என்று நினைத்திருந்தார். ஆனால் அவன் எப்போதும் போல மரியாதையாகக் கும்பிட்டான். எருமப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டம் இருக்கிறது, வேறு ஆட்கள் மூன்று போர் போட்டும் தண்ணீர் வராமல் புழுதிப் புகைதான் வந்தது, நீங்கள்தான் மனது வைக்க வேண்டும் என்றான். செங்கோடனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை காலையில் தேங்காயோடு வந்துவிடுவதாகச் சொன்னார்.

"தேங்காயெல்லாம் வேண்டாங்க மாமா," என்றான் வேலுமணி. "அக்காளை மட்டும் வண்டில கொண்டாந்து உட்ருங்க, போதும்."