கேட் பாஸ் இல்லாத மாங்காய்

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனியையே நடுங்க வைத்த ஆள், ஓசூரில் எங்கள் பிளண்டர் அண்ணன் ஒருவர்தான்.

போச்சம்பள்ளிப் பக்கத்துக்காரர். கேட்டில் செக்யூரிட்டி. பிளண்டர் என்றால் கொள்ளையடிப்பது என்று எந்த ஆபீசரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். அண்ணன் அதைத் தன் வசதிக்குத் திருத்திக்கொண்டார்: கேட் பாஸ் இல்லாமல் எது வெளியே போனாலும் பிளண்டர்.

"ஏண்ணா, தமிழ்லயே கேட்டா என்ன?" என்றேன் ஒருநாள்.

"கொள்ளைன்னா சண்டைக்கி வரான். கன்னடத்துல லூட்டின்னா சிரிக்கிறான். இங்கிலீஷ்ல சொல்லிப்பாரு, அவனே பைய தொறக்கறான்."

உண்மைதான். ஷிப்ட் விட்டு பஸ்ஸுக்கு ஓடும்போது "பிளண்டரா?" என்று குரல் வந்தால், கை தானாக டிபன் பாக்ஸைத் திறக்கும். கேண்டீன் வடையைப் பேப்பரில் சுற்றி வந்தவனை அங்கேயே நின்று தின்ன வைத்தார். பாவம், அவனுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

மேனேஜர் காரையும் விடவில்லை. பின்சீட்டில் கம்பெனி மரத்து மாங்காய்.

"பிளண்டர் சார்."

"நம்ம மரந்தானப்பா!"

"மரம் கம்பெனிது சார். பாஸ்?"

மாங்காய் செக்யூரிட்டி ரூமுக்குப் போய், அங்கேயே அழுகியது. அண்ணன் ஒரு கீற்றுகூடத் தொடவில்லை.

பிறகு கம்பெனியை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். எங்கள் வேலை போயிற்று. ஆயுத பூஜைக்கு நான் பொட்டு வைத்துக் கும்பிட்ட லேத் மெஷின் லாரியேறியது. அண்ணன் ஒவ்வொரு பாஸாக வாங்கிப் பார்த்து கேட்டைத் திறந்துவிட்டார்.

"இப்ப சொல்லுண்ணா, பிளண்டர்னு!" என்று கத்தினேன்.

"பாஸ் இருக்குதே கண்ணு," என்றார். அடுத்த லாரியின் பாஸுக்குக் கை நீட்டினார்.

கடைசி நாள் வரிசையில் நின்று பையைத் திறந்து காட்டினேன். சுற்றுமுற்றும் பார்த்தார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு மாங்காயை எடுத்து உள்ளே போட்டு ஜிப்பை இழுத்தார். முன்னால் போனவர்கள் பைகளும் புடைத்திருந்தன. மரம் மொட்டையாக நின்றது.

"அண்ணா, பாஸ்?"

"பிளண்டர் பண்ணிகினு ஓடு கண்ணு!"

சரியான புளிப்பு. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதையே காரணம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது வேறு கம்பெனி. கேட்டில் என் பையை யாரும் பார்ப்பதில்லை. பழக்கதோஷத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டு, அசடு வழிய மூடிக்கொள்கிறேன். என்னை யாருமே சந்தேகப்படாத இந்த வாழ்க்கை எனக்குப் பிடிக்கவில்லை, அண்ணா.